பள்ளி திறந்த அன்று வாங்கிய குட்டு

சின்ன வயதில் நான் வாங்கிய குட்டுகளுக்கெல்லாம் தக்க காரணம் உண்டு. தம்பியின் பல்பத்தைத் தின்றதற்கு ஒன்று, கரி மூட்டைக்குள் பூனைக்குட்டியை ஒளித்து வளர்த்ததற்கு ஒன்று என்று எதைக் கேட்டாலும் நானே ஒப்புக்கொண்டுவிடுவேன். ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன முதல் நாள், காலை ஏழரை மணி வாக்கில், ஆழ்வார்பேட்டையில் ஒரு தெருமுனையில், நாலு பேர் பார்க்க என் உச்சந்தலையில் விழுந்தது. குட்டியது அம்மா.

அந்தத் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் எங்கள் இஸ்திரி வண்டி நின்றது. நைனாவும் அம்மாவும் அதில் நின்று துணி தேய்த்துத்தான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா மூத்தவள், அடுத்து அண்ணன், அப்புறம் நான், கடைசியில் தம்பி. பள்ளிவிட்டு வந்தால் அண்ணன் வீடுவீடாகப் போய்த் துணி வாங்கி வருவான், தேய்த்த துணியை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தம்பி வண்டிக்கு அடியில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களின் செருப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வான்.

தெருவில் யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. தேவைப்பட்டதும் இல்லை. பச்சை கேட்டு வீடு, நாய் வீடு, ஊஞ்சல் மாமி வீடு, பூட்டு வீடு, அவ்வளவுதான். பூட்டு வீட்டுக்காரர்கள் வருடாவருடம் சித்திரையில் அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போய்விடுவார்கள். போகிற அவசரத்தில் ஒரு மூட்டைத் துணியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, "வந்து வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்கள். அது ஆடி மாதம் வரைக்கும் வண்டியின் அடியில் கதவு வைத்த பெட்டிக்குள் தூங்கும்.

ஒவ்வொரு வீட்டுத் துணியையும் அந்தந்த வீட்டுப் பழைய பெட்ஷீட்டிலேயே கட்டித் தருவது எங்கள் வழக்கம். பச்சைக் கட்டம் போட்டது என்றால் பச்சை கேட்டு, ஊதாக் கோடு என்றால் நாய் வீடு, மஞ்சள் பூ போட்டது பூட்டு வீடு. ஆகவே மூட்டை மாறவே மாறாது. மூட்டைக்குள் துணி மாறினால்தான் உண்டு. அதுவும் மாறாதபடி பார்த்துக்கொண்டது அக்கா. ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைகள் பத்தை அடுக்கி வைத்தாலும், கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்தே, "இது நாய் வூட்டு சாரோடது, சேவ் பண்ண சொரசொரப்பு கீது" என்று எடுத்து வைப்பாள். அவள் போடும் முடிச்சும் தனி. இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே சொருகிவிடுவாள். கையால் பிரிக்க வராது, பல்லைத்தான் கொடுக்க வேண்டும். ஊஞ்சல் மாமி, "எனக்கு இருக்கறதே நாலு பல்லு, அதையும் ஒங்காத்துப் பொண்ணு பிடுங்கப் பாக்கறா" என்பாள். நான் கட்டினால் ஷூ லேஸ் மாதிரி பூப்போட்டுத்தான் கட்டுவேன், ஒரு நுனியை இழுத்தால் மூட்டையே வாய் பிளந்துவிடும். பூட்டு வீட்டு மூட்டை எங்கும் போகப் போவதில்லை என்பதால் அந்த வருடம் அதைக் கட்டும் பெருமையை எனக்குத் தந்திருந்தார்கள்.

எங்கள் சொந்தத் துணிக்கு மூட்டையும் கிடையாது, முறையும் கிடையாது. ஊர்த் துணியெல்லாம் முடிந்து, இஸ்திரிப் பெட்டிக்குள் கங்கு சாம்பல் பூத்த பிறகு, மிச்சமிருக்கும் சூட்டில்தான் எங்கள் துணி.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் நைனாவுக்கு வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். இருபது வருடம் தூக்கிய தோள் அது. ஒரு வருடத்துக்குக் கையால் கனம் தொடக் கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒருத்தியால் தெரு முழுவதையும் தேய்க்க முடியாது. ஒன்பதாவது பாஸாகி, பத்தாவது புத்தகத்தைக்கூட அட்டை போட்டு வைத்திருந்த அக்கா, பள்ளி திறந்த அன்று பைக்குப் பதில் பெட்டியைத் தூக்கினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாம் அப்படித்தான் நடக்கும். சின்ன விஷயங்களுக்குத்தான் சத்தம்.

வருடம் முடிகிற நேரத்தில், ஒருநாள் அம்மா பொட்டு வைத்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, அக்காவைப் பத்தாவதில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக்குப் போனாள். பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, சிரித்தே நாங்கள் பார்த்ததில்லை. வகுப்பு நிரம்பிவிட்டது, வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றாராம். அம்மா மூன்று நாள் போய் அந்த வராந்தாவில் உட்கார்ந்தாள். நாலாவது நாள் பெரிய டீச்சர் இறங்கி வந்தார். "முதல் நாள் பிரேயர் மணி அடிக்கும்போது யூனிஃபார்மோட வரிசையில நிக்கணும். அன்னிக்கு வரலைன்னா உங்க பொண்ணுக்குப் படிக்க இஷ்டம் இல்லைன்னு வெச்சுக்குவேன். அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுடுவேன்." அம்மா இதை எங்களிடம் சொன்னபோது பெரிய டீச்சர் மாதிரியே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். அம்மாவுக்குக் கண்ணாடி கிடையாது.

அந்த வருடம் வெயில் அதிகம் என்று பள்ளி திறப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் திங்கட்கிழமை என்று முடிவானதும், ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் வண்டி மேல் சாய்ந்தது. வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "காலைல ஏழு மணிக்கு வேன் வந்துடும், இன்னிக்கே வேணும்" என்றார்கள்.

"எல்லா வூட்டு வேனும் ஏழு மணிக்கேதான் வரணுமா?" என்றார் நைனா. "ஒரு வேன்காரனாவது கொஞ்சம் தூங்கக் கூடாதா?"

மத்தியானம் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "குடு பொட்டிய. ரெண்டு சட்டை போட்டுப் பாக்கறேன்."

"வேணா நைனா. டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"ஒரு வருசம்னாரு. வருசம்தான் முடிஞ்சி போச்சே. நாளையிலேர்ந்து நீ இஸ்கூலுக்கு, நான் பொட்டிக்கு."

ஒரு தலையணை உறையைச் சுருக்கமே இல்லாமல் தேய்த்தார். அடுத்து ஒரு சட்டை. முதல் கை நன்றாக வந்தது. இரண்டாவது கைக்குப் பெட்டியைத் தூக்கியவர், பாதி வழியில் 'தங்'கென்று வைத்துவிட்டார். உடனே சிரித்தார். "கரி ஜாஸ்தி போட்டுட்டியாடி?"

அக்கா பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிக் கரிதான் இருந்தது. அதை மூடிவிட்டு, அந்தச் சட்டையைத் தானே முடித்தாள்.

சாயங்காலம் நான் பச்சை கேட்டுக்கும் நாய் வீட்டுக்கும் ஊஞ்சல் மாமிக்கும் மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியாகத் திரும்பியபோது எங்கள் துணியின் முறை வந்திருந்தது. அண்ணனுக்கு முதல்முதலாக முழுக்கால் சட்டை. எனக்குப் பழைய பாவாடைதான். தம்பிக்கு அண்ணன் எப்போதோ போட்ட அரைக்கால் சட்டை, அதில் தம்பி மாதிரி இன்னொருத்தனும் உட்காரலாம். அக்காவுக்கு ஒன்பதாவதில் தைத்த நீலச் சுடிதார். ஒரு வருடத்தில் அவள் வளர்ந்துவிட்டதால் அம்மா கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கோடு, முழங்காலைச் சுற்றி ஓடியது. அக்கா சொம்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அதன் மேல் பெட்டியை ஓட்டினாள். தெருவின் சுருக்கத்தையெல்லாம் எடுத்தவளுக்கு அந்த ஒரு கோடு மட்டும் வசப்படவில்லை.

"அங்க போய் சின்னப் பொண்ணுங்க நடுவுல குந்துனா, பெரியம்மா வந்துகீதுன்னு சொல்லுவாளுங்க" என்றாள், என்னிடமா கோட்டிடமா என்று தெரியாமல். அவளோடு படித்தவர்கள் எல்லாம் பத்தாவது முடித்துப் போயாகிவிட்டது. இனி அவள் உட்கார வேண்டியது அவளைவிட ஒரு வயது சின்னவர்களோடு.

நான் மரத்தடியில் வேப்பங்கொட்டை பொறுக்கப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வேப்பங்கொட்டை எப்படி வந்தது என்பது வேறு கதை. திரும்பி வந்ததும் அக்கா ஒரு பையை நீட்டினாள். "இந்தா, நம்ம துணி. கசக்காம கொண்டுபோய் ஆணில மாட்டு." மாட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தேய்த்த துணியை எட்டிப் பார்ப்பதில்லை, அலுத்துப்போன சமாச்சாரம்.

திங்கட்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரியும் பள்ளிக்கூடமும் ஒன்றாக வந்தன. அம்மா ஒரு கையால் குடத்தை வரிசையில் நகர்த்திக்கொண்டே மறு கையால் தம்பிக்குச் சோப்புப் போட்டாள். தம்பிக்கு அன்றுதான் ஒன்றாம் வகுப்பு. அவன் பள்ளிக்கூடத்துக்கு எதிரி இல்லை. "நாளைக்குப் போறேன்" என்பதுதான் அவன் நிலை. அதையே மாடிப்படி ஏறும்வரை அழுதுகொண்டே சொன்னான்.

மேலே வந்து பையைக் கவிழ்த்தால் மூன்று பேர் துணிதான் விழுந்தது. அக்காவின் சுடிதாரும் இல்லை, வெள்ளைத் துப்பட்டாவும் இல்லை.

தம்பிகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எதாவது மூட்டைக்குள்ள பூந்துக்கினு போயிருக்கும்" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "பரவால்ல. நான் அடுத்த வருசம் போறேன். நைனாவுக்கும் கை நல்லா ஆவட்டும்."

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவனுக்கு நாளைக்கு. உனுக்கு அடுத்த வருசம். நல்லா கீதே கத" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூட்டைய யாரு எடுத்துக்கினு போனது?"

எல்லாருடைய கண்ணும் என் மேல் வந்து உட்கார்ந்தது. அண்ணன் அதில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தான்.

"ஓடு. நேத்து குடுத்த ஒவ்வொரு வூட்டுக்கும் போய் மூட்டைய பிரிச்சிப் பாக்கச் சொல்லு. டேய், நீ தம்பிய இட்டுக்கினு வா." அக்காவிடம் மட்டும் குரல் இறங்கியது. "நீ தலய பின்னிக்கினு பைய எடுத்துக்கினு வண்டியாண்ட வா. துணி கெடச்சாலும் வா, கெடைக்கலன்னாலும் வா." சொல்லிவிட்டு நைனாவை அழைத்துக்கொண்டு வண்டிச் சாவியோடு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

நான் ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது. அக்காவின் பள்ளிக்கூடம் என் கையால் போய்விட்டது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. பாவாடை தடுக்கியது, ரிப்பன் ஒன்று வழியில் விழுந்தது, எடுக்க நிற்கவில்லை.

பச்சை கேட்டு வீட்டில் அந்த அம்மா ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "நீலச் சுடிதார் வந்துச்சாம்மா?" என்றேன். "எங்க வீட்ல ரெண்டும் ஆம்பளப் பசங்கம்மா! நீ அந்தச் சோபாவுக்கு அடியில பாரு!" என்றார். சுடிதாரைத் தேடத்தான் சொல்கிறார் என்று குனிந்து கையை விட்டேன். ஷூ கிடைத்தது. சுடிதார் இல்லை.

நாய் வீட்டு சார் பனியனோடு வந்து, பொறுமையாக மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக உதறிக் காட்டினார். அப்படியே கழுத்துப் பட்டி போதுமான விறைப்பாக இல்லை என்று ஒரு புகாரும் சொன்னார். நாய் நடுவில் என் மற்ற ரிப்பனைப் பிடித்துக்கொண்டது. அங்கேயும் இல்லை.

மிச்சம் ஊஞ்சல் மாமி. "ஏண்டி கொழந்தே, காலங்கார்த்தால இப்படி எரைக்க எரைக்க ஓடி வரே? தலைய யாரு பிச்சா?"

நான் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. மாமி ஊஞ்சலை நிறுத்தி, பிரித்த மூட்டையைக் காட்டினாள். எல்லாம் ஒன்பது கஜப் புடவை. "ஒங்கக்கா மறுபடியும் படிக்கப் போறாளா? பத்தாவதா? பேஷ். ஆனா அவ கட்டின மூட்டைல ஒரு கைக்குட்டை மாறிப் பாத்ததில்லையேடி நான்?"

"கட்னது அக்காதான் மாமி. எடுத்துக்கினு போனது நானு" என்றேன். குற்றத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமி உள்ளே போய் இரண்டு சேஃப்டி பின் கொண்டு வந்தாள். "துப்பட்டாக்கு வேணும். கெடைக்கும், போ. கெடைச்சா இங்க வந்து மாத்திண்டு போகச் சொல்லு, ஆத்துல யாரும் இல்லே." கிடைக்காத துணிக்கு இரண்டு பின்னோடு நான் வண்டிக்குத் திரும்பி ஓடினேன்.

தூரத்திலேயே புகை தெரிந்தது. அம்மா கரியைப் பற்றவைத்திருந்தாள். கிட்டே போனதும் இன்னொன்றும் தெரிந்தது. அம்மாவின் கையில் நீலச் சுடிதார்! வெள்ளைத் துப்பட்டா அவள் தோளில் கிடந்தது. இரண்டும் நசுங்கிக் கசங்கியிருந்தன. அவள் காலடியில் மஞ்சள் பூப்போட்ட மூட்டை ஒன்று பாதி பிரிந்து கிடந்தது, அதன் நுனி ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா காலாலேயே அதை வண்டியின் அடிப்பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. "கெடச்சிருச்சா!" என்று குதித்தேன்.

அதே நேரத்தில் தெருமுனையில் அக்கா திரும்பினாள். வீட்டுப் பாவாடை தாவணி, இரட்டைப் பின்னல், தோளில் பை. பின்னால் அண்ணன், அவன் கையில் இழுபட்டுக்கொண்டு தம்பி. அக்கா அம்மாவின் கையில் இருப்பதைப் பார்த்தாள். நடை நின்றுவிட்டது.

அப்போதுதான் அது விழுந்தது. நறுக்கென்று, உச்சந்தலையில்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு?" அம்மாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் போனது. "வெளையாட்டுப் புத்தி! எத எங்க வெக்கிறதுன்னு தெரியாது? உன்னால இன்னிக்கு அந்தப் பொண்ணு படிப்பே போய்க்கும்!"

"நான் வெக்கலமா! நான் பையத்தான்..."

"வாய மூடு."

"அம்மா," என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது. "அவ இல்லமா. அது..."

"நீ பேசாத," என்றாள் அம்மா. "உனுக்கு ஒண்ணும் தெரியாது. மணி ஆவுது." பிறகு, அவளைப் பார்க்காமலே, சாதாரணக் குரலில், "துப்பட்டாக்கு பின்னு கீதா? இல்லன்னா பாரு" என்றாள். அழுதுகொண்டே நான் இரண்டு பின்னையும் நீட்டினேன்.

நைனா சுடிதாரை வாங்கி வண்டிமேல் விரித்தார். பெட்டியை அம்மா தொடப் போனாள், அவர் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். வலது கை திசையைக் காட்டியது, இடது கை கனத்தைச் சுமந்தது. மெதுவாக, மெதுவாக, முன்பக்கம், பின்பக்கம், கைகள். ஒரு இடத்திலும் 'தங்'கென்று வைக்கவில்லை. நெற்றி வியர்வை துணியில் சொட்டிவிடாமல் இருக்கத் தலையை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு துப்பட்டா. அதை விசிறி மடிப்பாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தி, கடைசியில் குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார்.

"பாத்தியா? சோக்கா கீதா?" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "கோடு கீது. இருக்கட்டும். வளர்ற புள்ளைக்கு இருக்கும்."

அக்கா அவருடைய கையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு ஊஞ்சல் மாமி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கரி படாத முகம் என்பது இதுதானா என்றிருந்தது.

"நான் நாளைக்குப் போறேன்" என்று தம்பி கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நானும்தான்டா நாளைக்குப் போறேன்னேன். உடுறாங்களா பாரு" என்றாள். நாங்கள் நாலு பேரும் லஸ் பக்கம் குறுக்குத் தெருவில் புகுந்து ஓடினோம். மணி அடிக்க ஆரம்பித்தபோது கேட்டுக்கு வெளியே இருந்தோம், அடித்து முடித்தபோது உள்ளே இருந்தோம்.

பெரிய டீச்சர் படியில் நின்றிருந்தார். அக்காவைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடி முழங்காலுக்குக் கிட்டே வந்து, அந்த வெளிறிய கோட்டில் நின்றது. "வளர்ந்துட்டே" என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. "போ. கடைசியில நில்லு, உயரமா இருக்கே." ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பத்தாவது வரிசையின் கோடியில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக அக்கா. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றியோடு கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அக்கா பத்தாவதும் பாஸானாள், அதற்கு மேலும் படித்தாள். இன்று கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பில் இருக்கிறது. நூறு குழாய் ரத்தம் வந்தாலும் ஒருவருடையது இன்னொருவருக்கு மாறாது என்று அங்கே அவளுக்குப் பெயர். நைனாவின் தோள் முழுசாகச் சரியாகவே இல்லை. அந்த வருடம் முழுவதும் அவர் அந்த இரண்டு கை வித்தையோடுதான் சமாளித்தார். பாதி நாள் அம்மா, காலையில் ஒரு மணி நேரம் அண்ணன். பிறகு கரிப் பெட்டிக்குப் பதில் கேஸ் பெட்டி வந்தது, கனம் குறைந்தது.

போன மாதம் பள்ளி திறந்தபோது, என் மகளுக்கு யூனிஃபார்ம் தேய்த்துக்கொடுக்க அக்கா வந்திருந்தாள். துப்பட்டாவை விசிறி மடிப்பு மடிக்க இன்னும் அவள்தான் வர வேண்டும். அம்மாவும் இருந்தாள். அந்தக் குட்டுக்கு எனக்கு நியாயம் வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். "எந்தக் குட்டு? நான் எங்கடி குட்னேன்?" என்றாள் அம்மா. அக்கா பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

பூட்டு வீட்டு மூட்டை சித்திரையிலிருந்து அடிப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த மூட்டைகளில் அது இல்லவே இல்லை. அதைக் கட்டியது நான், பூப்போட்ட முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் போதும். ஆனால் அன்று காலை அதன் நுனி ஈரமாக இருந்தது, அம்மா அதைப் பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறாள். நைனா பெட்டியைத் 'தங்'கென்று வைத்ததாலா, அந்தக் கோட்டினாலா, சின்னப் பெண்களோடு உட்கார வேண்டியிருந்ததாலா, எதனால் அந்த முடிச்சு விழுந்தது என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை. அம்மா அன்றைக்கே கேட்கவில்லை, நான் யார் கேட்க?

பத்து வயதில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், என் தலையில் அநியாயமாக ஒரு குட்டு விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான். அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் அக்கா யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எந்த எடம்டி? வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டுத் தடவினாள். ஏன் இத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாள் பூராவும் பட்ட அவமானத்துக்கு இது சரியான மரியாதை என்று நினைத்தேன். உச்சியில் வலி எப்போதோ போய்விட்டிருந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல், "இங்கயும் வலிக்குது" என்று, குட்டே விழாத இடத்தையும் காட்டினேன்.

அக்கா அங்கேயும் தடவினாள்.